வேடந்தாங்கல் விண்ணப்பங்கள்

வேடந்தாங்கல் விண்ணப்பங்கள் என்பவை, செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பில் அமைந்த வேடந்தாங்கல் ஏரியையும் அதில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளையும் காக்க வேண்டி, முதலில் அவ்வூர் உழவர்களும் பின்னர் இயற்கை ஆர்வலர்களும் அரசுக்கு எழுதிவந்த மனுக்களாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வழக்கம், பொது நிலத்தைக் காக்குமாறு ஊரார் ஆள்வோரை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே உறுதி பெற்றதற்கு இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

பாலாற்றுக்குத் தென்புறமுள்ள இப்பகுதி ஏரிப் பாசன நாடு. ஓர் ஏரியின் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு இறங்குவதால், ஒன்றைப் பேணாமல் விட்டால் கீழுள்ள ஊர்களும் தண்ணீரின்றித் தவிக்கும். எனவே ஏரிப் பராமரிப்புக்கான பொருள் தனியார் ஈகைக்கு விடப்படாமல் ஊர் முறையாகவே வகுக்கப்பட்டிருந்தது. அண்டையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டு ஜாகீரில், அதாவது வருவாய் உரிமையோடு விடப்பட்ட நிலப்பகுதியில், 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்குகளைத் தொகுத்தார். விளைச்சலை அரசும் குடியும் பங்கிடுவதற்கு முன்பே கோயில், ஏரி, ஊர்ப் பணியாளர் ஆகியோருக்குரிய பங்குகள் ஒதுக்கப்பட்டமையை அவை காட்டுகின்றன. கம்பெனியாட்சியில் வருவாய் மேலும் மேலும் அரசின் கைக்கே சென்றதால், ஏரிக்குரிய பொருளைக் கேட்டுப் பெற வேண்டிய நிலைக்கு ஊரார் தள்ளப்பட்டனர். விண்ணப்பங்களின் உண்மையான பின்னணி இதுவே.

முதல் விண்ணப்பம் ஜாகீர் ஆட்சியராக 1790களில் பணியாற்றிய லயனல் பிளேசிடம் அளிக்கப்பட்டது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலின் மரபுக்கதையில், உடையவிருந்த கரையை இராமலக்குவர் காத்து நின்றதைக் கண்டதாகப் பேசப்படுபவர் இவரே. வேடந்தாங்கலில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டு வேட்டையாடியதை எதிர்த்து உழவர்கள் முறையிட, ஏரியில் எவரும் பறவைகளைச் சுடவோ கண்ணி வைக்கவோ கூடாது என்ற பொருளில் பிளேஸ் ஒரு கவுல் வழங்கினார். கவுல் என்பது அரசு குடிகளுக்கு எழுதித் தரும் உறுதிப் பத்திரம். இது 1798ஆம் ஆண்டையொட்டி வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

உழவர்கள் முன்வைத்த காரணம் கருதத்தக்கது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலிய பறவைகள் ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டுகையில், அவற்றின் எச்சம் நீரில் கரைந்து தழைச்சத்து மிக்க பாசன நீராக வயலுக்குப் பாய்கிறது. ஏரி நீரே எருவாக இருந்தமையால் பறவைகளின் உயிரும் ஊரின் விளைச்சலும் ஒரே வழக்காயின. அழகையோ அபூர்வத்தையோ சொல்லிக் கேட்டிருந்தால், வருவாயையே எண்ணிய கம்பெனி அலுவலர் செவிசாய்த்திருப்பாரா என்பது ஐயத்திற்குரியது. விளைச்சல் குறைந்தால் வரியும் குறையும் என்பது அவருக்கு உடனே விளங்கக்கூடிய செய்தி.

அடுத்த நூற்றாண்டில் மனுக்கள் ஆட்சியரைக் கடந்து சட்டமியற்றுவோரை எட்டின. கசுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று அமைத்த சென்னை சுதேசி சங்கம், நிலவரிக் கொடுமையையும், பாசனம், சாலை ஆகிய பொதுப்பணிகளுக்கு அரசு போதிய செலவு செய்யாமையையும் எடுத்துரைத்து 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. ஆனால் 1858இல் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடைப்பு போன்ற நெருக்கடிகளில் குடிகள் உழைப்புத் தரவேண்டிய கடமையைச் சட்டமாக்கியதேயன்றி, அவர்கள் இழந்த பங்கை மீட்டுத் தரவில்லை. அதே 1858இல் வேடந்தாங்கல் மக்கள் தங்கள் கவுலைப் புதுப்பித்துக்கொண்டனர். அதில் வேட்டைக்குத் தடை இருந்தது. ஏரியைத் தூர்வாரவும் மரம் நடவும் பணம் இல்லை. இக்குறை அடுத்த நூறாண்டுகளுக்கும் தொடர்ந்தது.

1936இல் மாவட்ட ஆட்சியர் ஏரியைச் சரணாலயமாக ஏற்றார். 1962இல் அது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் காப்புக்குள் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் ஏரியில் கூடு கட்டினாலும் இரையைச் சுற்றுப்புற வயல்களிலும் குளங்களிலும் தேடுவதால், பட்டா நிலங்களும் ஊர்களும் அடங்கிய இந்த அகன்ற எல்லை இன்றியமையாதது. அப்போதைய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 26அ பிரிவின்படி சரணாலய எல்லையை மாற்ற மாநிலச் சட்டமன்றத்தின் தீர்மானம் வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிபந்தனையை நீக்கி, பிரதமர் தலைமையிலான தேசிய வனவுயிர் வாரியத்தின் பரிந்துரை போதும் என்றாக்கியது. தொகுதி உறுப்பினரிடம் நேரில் முறையிடக்கூடிய ஊரார்க்கு இது ஓர் இழப்பு.

அவ்விழப்பு 2020இல் வெளிப்பட்டது. ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவை மாநில வனவுயிர் வாரியம் ஏற்றுப் பரிந்துரைத்ததும், எல்லைக்குள் இருந்த மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் விரிவாக்கம் குறித்த பேச்சும் சேர்ந்து எழுந்ததால், ஊர்மக்களும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளும் அரசுக்குக் கடிதங்களும் கையொப்ப மனுக்களும் அனுப்பினர். எல்லை குறைக்கப்படவில்லை. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

பணத்துக்கான கோரிக்கை எல்லையைக் காக்கும் கோரிக்கையைவிடக் கடினமானது. நிலையான நிதிக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 1964இல் உருவாகி, பின்னர் பெரும்பாலும் கடலோர எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து பொருள் பெற்ற நிலம்–நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு, குடிமக்கள் நெடுங்காலம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியதையடுத்து, 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுதோறும் 90 கோடி டாலரை நிலையாக உறுதிசெய்தது. இந்தியாவில் அதற்கு ஓரளவு நெருங்கி வருவது, காட்டை வேறு பயனுக்கு மாற்றுவோர் செலுத்தும் ஈட்டுத்தொகையைக் கையாளும் 2016ஆம் ஆண்டு ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டம்; எனினும் அது காட்டை முதன்மையாகக் கருதியதால் ஏரிகளுக்கு நேரடியாகப் பயன்படுவதில்லை. தமிழ்நாடு அரசின் ஈரநில இயக்கம் 100 ஈரநிலங்களை மீட்க முனைந்தாலும், அதற்கான தொகை மற்றத் திட்டங்களைப் போலவே ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைச் சார்ந்தது. ஆகவே இன்று வேடந்தாங்கலுக்காக எழுதுவோர், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தோடு நின்றுவிடாமல், வனத்துறை மானியக் கோரிக்கை அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்பே தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் எழுத வேண்டியுள்ளது.