டாங்க்கா

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் மழைநீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. குண்ட் என்றும் பெயர். ஜெய்சல்மர், பார்மர், பிகானேர், சூரு மாவட்டங்களில் வீட்டு முற்றங்களிலும் வயல்வெளிகளிலும் பொது இடங்களிலும் காணப்படுகிறது. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிப்பதால் குடிநீருக்கு மழையையே நம்ப வேண்டியுள்ளது.

அமைப்பு: வட்டத் தொட்டியைச் சுற்றியுள்ள தரையை உள்நோக்கிச் சரியும்படி கெட்டித்து, சுண்ணாம்போ சிமெண்டோ பூசுவர். மழைநீர் இச்சரிவில் ஓடி, தொட்டிச் சுவரின் துளைகள் வழியே உள்ளே இறங்கும். துளைகளில் பொருத்திய வலை குப்பையையும் பாம்பு, ஓணான் போன்றவற்றையும் தடுக்கும். மேலே மூடிய கூரை நீர் ஆவியாவதைக் குறைக்கும். கயிறு கட்டிய வாளியால் நீர் இறைப்பர்.

கொள்ளளவு: 100 சதுர மீட்டர் பரப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் விழும். கசிவும் ஆவியாதலும் போக மீதி தொட்டியில் சேரும்.

பராமரிப்பு: பருவமழைக்கு முன் சரிவுப் பரப்பைப் பெருக்கி, தொட்டியின் வண்டலை அகற்றுவர். பரப்பில் செருப்புடன் நடப்பதும் கால்நடைகளை விடுவதும் கூடாது. இக்கட்டுப்பாடே நீரின் தூய்மைக்குக் காவல்.

இம்மரபை அனுபம் மிஸ்ரா 1995இல் வெளியான ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்’ என்ற இந்தி நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.