மீட்பு என்னும் சொல்லின் பூர்வீகம்

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலும் ஞாயிறுதோறும் கூடித் தமிழில் ஆராதனை செய்யும் நம்மவர் நடுவே, மீட்பு என்பது அடகுக்கடையில் பிறந்த சொல் என்னும் வியாக்கியானம் மிகுந்த துணிவோடு சொல்லப்படுவதைக் கேட்டு வருகின்றேன். வட்டியும் முதலும் கட்டி நகையைத் திருப்புவதே அதன் ஆதிப் பொருளாம். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அடகுக்கடை இன்னதென்று விளங்காதாகையால், கடையில் கூப்பனைக் கொடுத்து ‘ரிடீம்’ செய்வதைப் போன்றது அது என்று போதிக்கின்றனர். வேறு சிலரோ, மீ என்றால் மேல் என்றும், மீ, எடுப்பு என்னும் இரு சொற்கள் கூடி மீட்பு ஆயிற்று என்றும், பாதாளத்திலிருந்து மேலே தூக்கியெடுத்தலே அதன் கருத்தென்றும் பிரசங்கிக்கின்றனர். கடவுள் மனிதர்மேல் வைத்த அன்பையும், அவ்வன்பினால் அவர்க்குக் கிட்டும் விடுதலையையும் தாங்கி நிற்கும் ஒரு சொல்லை இவ்வாறு அலட்சியமாகக் கையாள்வதைப் பொறுத்திருத்தல் தகாது.

மீ, எடுப்பு என்னும் பிரிப்பை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிடலாம்: அவை புணர்ந்தால் மீயெடுப்பு என்றாகுமேயன்றி மீட்பு என்றாகாது. கடவுள் நம் ஆன்மாவை வீணைபோல மீட்டுகின்றார் என்று உருகுவோர்க்கும் விடை சுருக்கமே. வீணையை மீட்டினான் என்போமேயல்லாது மீட்டான் என்பதில்லை.

சொல்லின் மெய்யான அடி மீள் என்பது. இவ்வடி தன்வினையாகவும் பிறவினையாகவும் நடக்கும். மீள்கின்றான், மீண்டான், மீள்வான் என்பன தானே திரும்புதலைக் குறிக்கும். மீட்கின்றான், மீட்டான், மீட்பான் என்பன பிறிதொன்றைத் திரும்பக் கொணர்தலைக் குறிக்கும். ஆள் என்பதிலிருந்து ஆட்சி பிறந்ததுபோலத் தன்வினையாகிய மீள் என்பதிலிருந்து மீட்சி பிறந்தது. கம்பர் யுத்த காண்டத்தில் இராமபிரான் அயோத்திக்குத் திரும்புவதைக் கூறும் பகுதி மீட்சிப் படலம் என்றே பெயர் பெற்றிருத்தல் காண்க. மீட்பு என்பதோ பிறவினையின் பெயர். மீட்பு நிகழ வேண்டுமாயின் மீட்பவன் ஒருவன் வேறாக வேண்டும். மீட்கப்படும் பொருள் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளுதல் இப்பெயரின் இயல்பான பொருள் அன்று. மனிதன் தன் கிரியைகளினாலன்றிக் கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு ஈடேற்றம் அடைகின்றான் என்று பவுல் அப்போஸ்தலர் எபேசியர்க்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நிலைநாட்டும் உபதேசத்தை இப்பிறவினை வடிவம் தன்னகத்தே கொண்டிருக்கின்றது.

இனி, இவ்வினை பழந்தமிழில் எத்தொழிலுக்கு உரியதாய் வழங்கியது என்று பார்ப்போம். அடகுக்கடைக்கு அன்று, ஆநிரைக்கு. பகைவர் கவர்ந்து சென்ற பசுக்கூட்டத்தைத் திரும்பக் கொணர்தலே கரந்தை என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்தது. தொல்காப்பியர் அதனை, ஆநிரை கவர்தலைக் கூறும் வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் அதனைத் தனித் திணையாக்கிக் கரந்தைப் படலம் வகுத்தார். புறநானூற்று 260-ஆம் பாட்டில் வடமோதங்கிழார் பாடும் வீரன், கள்வர் கைப்பட்ட நிரையைக் கன்றுகளோடு தன் ஊருக்குச் சேர்த்துவிட்டு, உடம்பெல்லாம் அம்பு தைக்க உயிர் துறந்து, மயிற்பீலி சூட்டிய கல்லாகி நின்றான். செங்கம் வட்டாரத்து நடுகற்களிலும் தொறுவை மீட்டு மாண்டவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தொறு என்பது ஆநிரை. நிரை தப்பிவர மீட்டவன் மடிதலும், மடிந்தவனை ஊரார் மறவாது போற்றுதலும் அக்கற்களில் ஒருங்கே எழுதப்பட்டிருக்க, சிலுவையில் உயிரீந்த நல்மேய்ப்பனைக் குறிக்கத் தமிழில் இதனினும் பொருத்தமான வினை எங்கே தேடுவது? காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமை லூக்கா 15-ஆம் அதிகாரத்திலும், ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கும் மேய்ப்பனின் வார்த்தை யோவான் 10-ஆம் அதிகாரத்திலும் உள்ளன. இவ்விரண்டையும் கரந்தையையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

அடகுப் பிரயோகமும் இம்மூலத்திலிருந்து கிளைத்ததே. நகை பிறர் பெட்டியில் இருக்கும்போதும் உடையவருக்கே உரியது. தவணை தவறி முழுகிப்போனால்தான் உரிமை அறும். உரியது, பிரிந்தது, விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது என்னும் மூன்றும் இங்கும் உண்டு. ஆயினும் ஆநிரையில் விலையாவது வீரனின் உயிர், அடகில் விலையாவது காசு. பின்னதைக் கொண்டு முன்னதை விளக்குதல் முறையன்று. எபிரேய வேதத்தில் இதற்கு நேரான பதம் கோயேல். இழந்த நிலத்தையும் அடிமைப்பட்ட உறவினரையும் திரும்பப் பெறும் கடமையுள்ள நெருங்கிய பந்துவை அது குறிக்கும். யோபு 19-ஆம் அதிகாரத்தில் அப்பதம் வருமிடத்தே நம் பழைய மொழிபெயர்ப்பு மீட்பர் என்றே வழங்குகின்றது. கொடுப்பவன் அந்நியன் அல்லன், உறவினன். அவனைச் செலுத்துவது வியாபாரம் அன்று, பாசம்.

மீட்பு என்பது 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தார் புதிதாய்ப் புகுத்தியது என்பாரும் உளர். அவர்கள் பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் வெளிவந்த வேதாகமத்தைத் திறந்து எபேசியர் முதல் அதிகாரத்தைப் பார்க்கட்டும். அங்கே மீட்பு இருக்கின்றது. புதுமை சொல்லில் இல்லை, அதன் ஆட்சி விரிந்ததில் உண்டு: பழைய பதிப்பில் இரட்சிப்பு, இரட்சகர் என்று நின்ற இடங்களையும் புதிய பதிப்பில் மீட்பு, மீட்பர் என்பன ஏற்றன. இரட்சிப்பை நான் இகழவில்லை. கிருஷ்ண பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்று தம் காவியத்துக்குப் பெயரிட்ட நாள்முதல் அது நம் நாவிலும் நெஞ்சிலும் ஊறியது. ஆனால் ரக்ஷ் என்னும் வடமொழித் தாதுவின் பொருள் காத்தல்; தன் வசத்திலுள்ளதையும் காக்கலாம், அயலாருடையதையும் காக்கலாம். வீடு என்பது விடு என்னும் அடியிற் பிறந்தது, முத்தியும் விடுபடுதலே. எதிலிருந்து விடுபட்டோம் என்பதை இவை உரைக்கின்றன. யாரிடம் திரும்பினோம் என்பதை உரைக்கும் சொல் மீட்பு ஒன்றே.

விசுவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசுவம், வாசம் என்று இதனைப் பிரித்து உலகில் வாழ்தல் எனப் பொருள் கூறுவோர் இருக்கின்றனர். அது பிழை. சுவாசம், ஆசுவாசம் என்பவற்றில் உள்ள தாதுவே இதிலும் உள்ளது. அச்சம் நீங்கி மூச்சு இளைப்பாறும் நிலையே விசுவாசம். நம்பிக்கை என்பதைப் பழைய வேதாகமம் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில் வரப்போகும் நன்மையை நோக்கியிருத்தலுக்கு வைத்தது. திருவிவிலியமோ அதனை விசுவாசத்தின் இடத்தில் வைத்து, முன்னதற்கு எதிர்நோக்கு என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே வீட்டில் ஜெபிக்கக் கூடும் இந்நாட்டில் இதனால் மயக்கம் நேர்வதுண்டு. எனினும் நம்பிக்கையை வலுவற்ற சொல் என்று தள்ளுவோர் தொல்காப்பிய உரியியலை மறந்தவர். நம்பு, மேவு என்னும் இரண்டும் நசைப் பொருளன என்பது தொல்காப்பியர் விதி, நசையாவது விருப்பம். திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று அதிகாரம் வகுத்தது ஆராய்ந்து துணியும் தெளிவுக்கு. அது அரசன் அமைச்சரைத் தேரும் நெறி. நம்புதலோ அன்பின் வழி வருவது. மீட்டவன்பால் உண்டான நசையினால் அவன் பின்னே வீடு திரும்புதலே கிறிஸ்தவன் கூறும் நம்பிக்கை.

இந்நாட்டுக்கும் தமிழுக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. நியூஜெர்சியின் ஃபிரீஹோல்டில் 1793-இல் பிறந்த வைத்தியர் ஜான் ஸ்கடர், 1819-இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் பின்னர்ச் சென்னையிலும் தொண்டாற்றினார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவர் பேத்தி. வெர்மான்டில் பிறந்த வின்சுலோ 67,000-க்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்து 1862-இல் தம் தமிழ் அகராதியை வெளியிட்டார். கடல் கடந்து வந்த அந்நியர் நம் சொற்களை அவ்வளவு பொறுமையோடு கற்றிருக்க, அவர்கள் பிறந்த மண்ணில் குடியேறிய நாம் நம் பிள்ளைகளுக்கு மீட்பைக் கூப்பனால் விளக்குதல் அடாது. ஞாயிறு பள்ளியில் போதிப்போர் இனிக் கரந்தையிலிருந்து தொடங்குக. நடுகல்லின் படமொன்றைக் காட்டி, நிரைக்காக உயிர் கொடுத்தவன் கதையைச் சொல்லுக. மீட்பு கரந்தை நிலத்துச் சொல் என்பதே என் துணிபு. மறுப்போர் தக்க மேற்கோள் காட்டும்வரை அதனை நான் விடுவதாயில்லை.