பெயரற்றவர்கள் வளர்த்த ரோஜா

ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் நண்பர்கள் தங்கள் வீட்டு ரோஜாத் தோட்டங்களின் படங்களை எனக்கு அனுப்பி வைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் வெறும் முட்குச்சிகளாக நின்ற செடிகள், வசந்தத்தின் முடிவில் ஓரிரு கிழமைகளுக்குள் இலை மறையப் பூத்துக் குலுங்குவது கண்கொள்ளாக் காட்சியே. அந்தப் பூரிப்பில் நானும் பங்குகொள்கிறேன். ஆயினும் அச்செடிகளின் பூர்வீகத்தைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பியத் தோட்டக்காரனுக்கு இந்தக் காட்சி ஆண்டுக்கு ஒரு முறைதான் கிட்டியது. அங்கு வளர்ந்த பழைய ரோஜா இனங்களில் மிகப் பெரும்பாலானவை வசந்தம் கழியும் வேளையில் சில கிழமைகள் பூத்துவிட்டு, அடுத்த ஆண்டு வரை வெறும் பச்சைப் புதராகவே நிற்கும். டமாஸ்க் இனத்தின் ஒரு வகை மட்டும் இலையுதிர் காலத்தில் மீண்டும் சில பூக்களைத் தரும். இன்றைய வீட்டுத் தோட்டங்களிலோ முதற் பூப்பு ஓய்ந்த சில கிழமைகளில் அடுத்த பூப்பு வருகிறது. ஐப்பசி வரையும் அது தொடர்கிறது. இந்த மாற்றம் சீனாவிலிருந்து வந்தது.

சீனர் தங்கள் ரோஜாவை "யுவேஜி" என்பர். மாதத்தையும் பருவத்தையும் குறிக்கும் எழுத்துக்களால் அமைந்த பெயர் அது. சொங் அரசமரபின் காலத்திலேயே (960–1279) அது அங்கே புகழ்பெற்ற தோட்டச் செடியாக இருந்தது. திரும்பத் திரும்பப் பூக்கும் செடியைக் கண்டு, தெரிந்தெடுத்து, பதியமிட்டுப் பேணியவர்கள் அந்நாட்டுத் தோட்டக்காரர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் தேயிலையோடு செடிகளையும் ஏற்றிச் சென்றன. கன்ரன் நகரை (இன்றைய குவாங்சோ) அடுத்திருந்த ஃபா தீ நாற்றுமேடைகளில் ஐரோப்பியர் விலை கொடுத்துச் செடிகளை வாங்கினர். காட்டில் கண்டெடுத்தவையல்ல அவை. தொழில் தெரிந்தவர்கள் விற்பனைக்கென வளர்த்தவை. கல்கத்தா வழியாகச் சில இனங்கள் சென்றதால் பிரெஞ்சுக்காரர் சீன ரோஜாவை "வங்காள ரோஜா" என்றே அழைத்து வந்தனர்.

இன்றைய ரோஜாக்களின் மூலங்களென வரலாற்றாசிரியர்கள் நான்கு சீன இனங்களைக் குறிப்பிடுவது வழக்கம். 1792 அளவில் அறிமுகமானது சிலேட்டரின் செஞ்சீன ரோஜா. 1793 இல் பார்சன்சின் இளஞ்சிவப்பு ரோஜா. 1809 இல் ஹியூமின் வெளிர்சிவப்பு ரோஜா. 1824 இல் பார்க்சின் மஞ்சள் ரோஜா. நான்கு செடிகளுக்கும் ஆங்கிலேயர் நால்வரின் பெயர்கள். வரவழைத்தவர், தோட்டத்தில் வைத்திருந்தவர், கப்பலில் கொண்டுவந்தவர் என எல்லோரும் பெயர் பெற்றனர். உருவாக்கியவர்களுள் ஒருவர் பெயர்கூட இல்லை.

அதன் பின்னர் கலப்புகள் பெருகின. அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஒரு நெற்பண்ணை உரிமையாளரின் தோட்டத்தில் நுவாசெத் இனத்தின் முதற் செடி பிறந்தது. இந்து சமுத்திரத்தின் பூர்போன் தீவில் (இன்றைய ரீயூனியன்) வேலியாக நட்டிருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து பூர்போன் இனம் தோன்றியது. அக்காலத்தில் அவ்விரு மண்ணிலும் தோட்ட வேலை அடிமைகளின் தலையிலேயே விழுந்தது. 1867 இல் பிரான்சின் கியோ என்பவர் "லா பிரான்ஸ்" என்னும் ரோஜாவை வெளியிட்டார். இன்று நாம் காணும் நீண்ட மொட்டுக் கொண்ட தோட்ட ரோஜாக்களின் காலம் அதனோடு தொடங்கியதாகக் கொள்வர்.

இந்தத் தொடர் பூப்பின் காரணத்தை 2012 இல் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் விளக்கினர். பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று ரோஜாவில் உண்டு. வசந்தத்தில் அது அடங்கியிருக்க, செடி பூக்கிறது. பின்னர் அது விழித்துக்கொள்ளப் பூப்பு நின்றுவிடுகிறது. சீன ரோஜாவில் அந்த மரபணுவினுள் வேறொரு மரபுத் துண்டு புகுந்து அதனைச் செயலிழக்கச் செய்துவிட்டது. தடை நீங்கவே செடி ஓயாமல் பூக்கிறது. இயற்கை தற்செயலாகச் செய்த பிழை இது. அதன் அருமையைக் கண்டு, அழியவிடாது தலைமுறை தலைமுறையாகக் காத்தது மனிதர்களின் உழைப்பு. யாழ்ப்பாணத்து முற்றத்தில் நிற்கும் ரோஜா ஆண்டு முழுவதும் பூப்பதும் பெரும்பாலும் அவர்கள் விட்டுச் சென்ற முதுசத்தால்தான்.

நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் உழைத்தவன் என்ற முறையில் இவ்விடயம் என்னை உறுத்துகிறது. "எமது நிருபர்" என்ற இரு சொற்களுக்குப் பின்னால் எத்தனை கிராமப்புறச் செய்தியாளர்கள் மறைந்துபோனார்கள் என்பதை நான் அறிவேன். மழையிலும் வெயிலிலும் அலைந்தவன் ஒருவன். பெயர் பெற்றவன் இன்னொருவன். வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகிறது: செய்தவனை விட்டுவிடும்; கொண்டுவந்து சேர்த்தவனைப் பதிவுசெய்யும்.

அந்தச் சீனத் தோட்டக்காரர்களின் பெயர்களை இனி மீட்க இயலாது. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல இயலும். தோட்டத்துக்கு வரும் விருந்தினர், "இது என்ன ரோஜா?" என்று கேட்டால், நாற்றுக்கடைச் சீட்டில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். அதன் மூதாதை சீனத்து முற்றமொன்றில் வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.