பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண், இப்போது முன்னேற்றம்: கல்லூரியில் இடம் கிடைக்குமா?

"பத்தாவதுல 260தான் எடுத்தான் ஹஜ்ரத், இப்ப நல்லா படிக்கிறான். காலேஜ்ல இடம் கிடைக்குமா?" தருமபுரி மாவட்டத்தின் மஹல்லாக்களில் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர்கள் நம்மிடம் கேட்பது இது. பதில் தெளிவாகக் கிடைக்காவிட்டால் பையன் பெங்களூருக்குக் கடை வேலைக்குப் போகிறான். பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். எனவே இக்கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல கல்லூரிகள் மாணவரின் நான்காண்டு மதிப்பெண்களையும் வரிசையாகப் பார்த்து, தாழ்ந்து தொடங்கி உயர்ந்திருந்தால் அதையும் கருத்தில் கொள்கின்றன. நம் மாநிலத்தின் தரவரிசைப் பட்டியலில் அப்படி ஒரு பார்வை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என்ன எடுத்தார் என்பது மட்டுமே அங்கே எண்ணப்படும். பழைய சறுக்கல் தெரியாது, பட்ட பாடும் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் நன்மையே. பத்தாம் வகுப்பின் 260 பொறியியல் கலந்தாய்விலும் அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையிலும் தடையாக வந்து நிற்காது.

பதினொன்றாம் வகுப்பு பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. இரண்டாண்டு மதிப்பெண்ணையும் சேர்ப்பதாக முதலில் சொல்லப்பட்டாலும், உயர்கல்விக்குப் பன்னிரண்டின் 600 மட்டும் போதும் என்று 2018இல் மாற்றினார்கள். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வே நிறுத்தப்பட்டுவிட்டது. முந்தைய வகுப்புகளின் மதிப்பெண் உண்மையிலேயே விதியைத் தீர்மானித்தது கொரோனாவால் தேர்வு நடக்காத 2021இல்தான். அப்போது பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 என்று கணக்கிட்டார்கள். தாமதமாக விழித்துக்கொண்ட மாணவர்களுக்கு அந்த ஆண்டு பேரிழப்பு.

இனி கணக்குக்கு வருவோம். பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200. கணிதம் முழுமையாக 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 62, இயற்பியலில் 70, வேதியியலில் 64 என்றால் 62+35+32, ஆக 129. இதே மாணவர் வேதியியலில் பத்து மதிப்பெண் கூட்டினால் 134 ஆகும். கணிதத்தில் பத்து கூட்டினால் 139. மீதமிருக்கும் மாதங்களை எதில் செலவிடுவது என்பதற்கு இதுவே விடை. விண்ணப்பிக்கும் தகுதிக்கு இம்மூன்று பாடங்களின் சராசரி முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400தான் தரவரிசைக்கு எடுக்கப்படும். பி.ஏ. தமிழ், ஆங்கிலம் கேட்பவர்களுக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண் பார்க்கப்படும். மொத்தம் 430 என்று பெருமைப்படுவதும் 380 என்று சோர்வதும் அந்த 400இல் எவ்வளவு என்று பார்த்த பிறகு நடக்கட்டும்.

முன்னேற்றத்தை அளப்பதில் ஒரு கவனம் தேவை. காலாண்டுத் தேர்வு பாடத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே. அரையாண்டும் திருப்புதல் தேர்வுகளும் ஏறக்குறைய முழுப் பாடத்துக்கும். ஆகவே காலாண்டில் 40, அரையாண்டில் 43 என்றால் மூன்று மதிப்பெண்தானே என்று தள்ளிவிடாதீர்கள், அது நல்ல ஏற்றம். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70க்குத்தான். செய்முறை 20, அக மதிப்பீடு 10. பள்ளித் தேர்வின் மதிப்பெண் எத்தனைக்கு என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு திருப்புதல் தேர்வுகளின் சராசரியை உங்கள் எதிர்பார்ப்பாக வையுங்கள். அதற்கு மேல் வந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பொறியியல் கலந்தாய்வுக்கான இணையதளத்தில் கல்லூரி வாரியாகவும் பிரிவு வாரியாகவும் இருக்கும் முந்தைய ஆண்டுகளின் கடைசிக் கட்-ஆஃபைப் பாருங்கள். ஓராண்டை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி, அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியின் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி இரண்டும் நமக்கு அருகில் இருப்பவை. நம் பிள்ளைகள் 3.5 சதவீத முஸ்லிம் ஒதுக்கீட்டில் மட்டுமல்ல, 31 சதவீதப் பொதுப் போட்டியிலும் இருக்கிறார்கள். இரண்டு பிரிவையும் பாருங்கள்.

2007இல் வந்த அந்த ஒதுக்கீடு லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகளுக்கானது. சாதிச் சான்றிதழில் இவற்றுள் எது என்று இருக்க வேண்டும். உருது பேசும் குடும்பங்கள் இதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமையும் உண்டு. குறைந்த கட்-ஆஃப் உள்ளவருக்கு இது பெரிய வாசல். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது "கிடைக்கிறதை முதலில் போடு" என்று சொல்லும் அண்ணன்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தவறான ஆலோசனை. கணினி உங்கள் வரிசையில் மேலிருந்து கீழாகத் தேடி, உங்கள் தரத்துக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத் தரும். ஆசைப்படும் கல்லூரியை மேலே எழுதுவதால் எதுவும் பறிபோகாது. உறுதியானதைக் கீழே வையுங்கள், அவ்வளவுதான். நிர்வாக ஒதுக்கீடு வாங்கித் தருவதாக வரும் தரகர்களை நம்பி வட்டிக்குப் பணம் வாங்குவதற்கு முன், கலந்தாய்வின் கடைசிச் சுற்று வரை பொறுங்கள். தனியார் கல்லூரிகளில் அப்போதும் இடங்கள் காலியாக இருக்கும்.

கட்-ஆஃப் எட்டவில்லையென்றால் தருமபுரி, காரிமங்கலம், பென்னாகரம், அரூர் பகுதிகளின் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்துப் பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன.

கல்லூரிக்குள் போன பிறகு மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே முதல் பருவத்தின் மதிப்பெண்ணும் கடைசிவரை கூடவே வரும். முதல் மூன்று பருவங்களில் சராசரி 5.5 என்றால், 6.5ஐத் தொட மீதி மூன்றிலும் 7.5 எடுத்தாக வேண்டும். பி.எட். சேர முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்குப் பட்டப்படிப்பில் 45 சதவீதம் வேண்டும். ஆசிரியராக நினைக்கும் பெண்பிள்ளைகள் இந்த எண்ணை முதலாமாண்டிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.