சுயசார்பு வாழ்வுக் குழுக்கள்: பயன் அளவீட்டின் வரலாறு

எங்கே, யாரோடு, எப்படி வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளி தாமே முடிவு செய்ய உதவும் குழுக்களும் மையங்களும் உண்மையில் என்ன பலன் தந்தன என்று கணக்கிடும் முறை இது. அமெரிக்காவில் சட்டத்தின் வழியே உருப்பெற்றது. தமிழ்நாட்டில் ‘சுயசார்பு வாழ்வுக் குழு’ என்ற பெயரில் சட்டக் குழு கிடையாது. மாநில ஆலோசனை வாரியம், மாவட்டக் குழு, அண்மையில் வந்த உள்ளாட்சி நியமன உறுப்பினர் ஆகியவையே அந்த இடத்துக்கு நெருக்கமானவை.

பலனை அளக்குமுன் ஆட்களை எண்ண வேண்டும். இந்தியாவில் அதுவே தடுமாறித்தான் நடந்தது. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகள் 1931 வரை பார்வையற்றோர், காதுகேளாதோர், தொழுநோயாளிகள் முதலானோரைக் குறித்துவந்தன. பிறகு அந்தக் கேள்வி கைவிடப்பட்டு, 1981-இல் திரும்ப வந்து, 1991-இல் மறுபடி காணாமற்போனது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் ஜாவேத் அபிதி முன்னின்ற இயக்கத்தின் அழுத்தத்தால் 2001-இல் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பதிவானவர்கள் 16.42 லட்சம் பேர், 2011-இல் 11.79 லட்சம் பேர். பார்வைக் குறைபாட்டில் மட்டும் 9.6 லட்சம் என்பது 1.27 லட்சமாகச் சுருங்கியது. இத்தனை பேருக்குப் பார்வை திரும்பிவிடவில்லை. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரை முதல் கணக்கு சேர்த்துக்கொண்டது, அடுத்தது விட்டுவிட்டது. விதியை மாற்றினால் ஆளே மறைந்துபோவார் என்றால், பலன் கணக்கை எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

சுயசார்பு வாழ்வு மையம் 1972-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கியது. அதன் முன்னோடி எட் ராபர்ட்ஸ் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரும்பு நுரையீரலின் துணையோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1978-இல் மறுவாழ்வுச் சட்டத்தில் இத்தகைய மையங்களுக்கு நிதி வழி ஏற்பட்டது. 1992-இன் திருத்தம் ஒவ்வொரு மாநிலத்திலும் சுயசார்பு வாழ்வுக் குழு வேண்டும் என்றது. அதில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். மாநிலத் திட்டம் தீட்டி, அது நிறைவேறுகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு.

மையங்கள் ஆண்டுதோறும் அனுப்பிய, ‘704’ என்று எண்ணிட்ட அறிக்கையில் ஒரு பகுதி தனித்துவமானது. மையத்துக்கு வருபவர் தம் இலக்கைத் தாமே சொல்வார். தனியாகப் பேருந்தில் போக வேண்டும், காப்பகத்தை விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், வரவுசெலவைத் தாமே பார்க்க வேண்டும் என்று எதுவாகவும் இருக்கலாம். எத்தனை இலக்குகள் வைக்கப்பட்டன, எத்தனை எட்டப்பட்டன, எத்தனை நடப்பில் உள்ளன என்று அறிக்கை எண்ணும். குறையும் அங்கேதான்: அடையாள அட்டை வாங்குவதும் பத்தாண்டு வாழ்ந்த காப்பகத்தை விட்டு வெளியேறுவதும் அட்டவணையில் தலா ஒரு ‘ஒன்று’தான். ஆயினும் இலக்கைச் சொன்னவர் அதிகாரி அல்லர் என்ற ஒன்றிலேயே இந்த முறை நம் நாட்டுக் கணக்குகளை விட ஒரு படி மேல்.

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஒருங்கிணைப்புக் குழுக்களை அமைத்தது. 2007-இல் நாடு ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, சமூகத்தில் சுயமாக வாழ்வதை உரிமை என்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, மாநில ஆலோசனை வாரியத்தை நிறுவியது. சட்டங்களும் திட்டங்களும் ஏற்படுத்திய தாக்கத்தை மதிப்பிடுவதும் வாரியத்தின் கடமை. தலைமை வகிப்பவரோ துறை அமைச்சர்: கணக்குக் காட்ட வேண்டியவரே கணக்குக் கேட்கும் நாற்காலியில் இருக்கிறார்.

அதனால் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகளில் வழங்கிய எண்ணிக்கையே முன்னிற்கிறது: இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், காதொலிக் கருவி, பராமரிப்பு உதவித்தொகை. ஸ்கூட்டரைப் பெற்றவர் அதில் எங்கே போனார் என்பதற்குப் பத்தி இல்லை.

ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2001-இல் அமைத்த வாஷிங்டன் குழு வேறு வழி காட்டியது. நோயின் பெயரைக் கேட்காமல், பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தன்னைப் பராமரிக்க, பிறரோடு பேசிப் புரிந்துகொள்ளச் சிரமமா என்று ஆறு கேள்விகள். ‘சிரமமில்லை’ முதல் ‘முடியவே முடியாது’ வரை நான்கு விடைகள். நல்ல கருவிதான், ஆனால் ஊரின் தொழில் அதற்குத் தெரியாது. காஞ்சிபுரம் வட்டாரக் குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டுப் பலகையை மிதித்தால்தான் இழை பிரியும். நடக்கச் ‘சிறிது சிரமம்’ என்று சொல்பவருக்கு அந்த மிதியே வாழ்க்கையின் பெரிய தடையாக இருக்கலாம். கையால் இழை சுற்றிச் சம்பாதிப்பவருக்கோ, ‘மிகுந்த சிரமம்’ என்ற விடை அவர் வருமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வீடு தேடிச் சென்று கணக்கெடுக்கும் முயற்சிகளும் தமிழ்நாட்டில் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனுள்ள குழந்தைகளின் முன்னேற்றத்தைக் களப்பணியாளர்கள் வீட்டுக்கே சென்று செயலியில் பதியும் முறையை உருவாக்கியது. 2022-இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த தமிழ்நாடு உரிமைகள் திட்டமும் வீடுவீடாகக் கணக்கெடுப்பதையும் வீட்டருகே சேவை மையம் அமைப்பதையும் சேர்த்தே வகுக்கப்பட்டது.

2025 ஏப்ரல் 16 அன்று, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் சட்டத்திருத்த முன்வடிவுகளை முதல்வர் மு.க. ஸ்டாலின் பேரவையில் கொண்டுவந்தார். கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேர் இடம்பெறுவர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வாலாஜாபாத் ஒன்றியத்துத் தென்னேரி போன்ற ஊர்களில் ஊராட்சி அலுவலகத்துக்குச் சாய்தளம் உண்டா, கிராமசபை கூடும் இடத்துக்குச் சக்கர நாற்காலி போகுமா என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல, இனி மன்றத்துக்குள்ளேயே ஒருவர் இருப்பார்.