எலிவளை நெல்லும் பிடித்தவர் உரிமையும்

தமிழக வேளாண்மை வரலாறு பாசனத்தையும் நிலவுடைமையையும் வரியையும் விரிவாகப் பேசியுள்ளது. விளைந்த நெல்லில் ஒரு பகுதியை மண்ணுக்கடியில் சேர்த்துவைக்கும் எலியும் அதனைப் பிடித்தவரும் அவ்வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. எலி பிடித்தலைப் பயிர்ப் பாதுகாப்பின் ஒரு கூறாக மட்டும் காண்பது இதற்கு ஒரு காரணமாகும். செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களில் வாழும் இருளரின் அகழ்முறையைக் காவிரிப் படுகையின் கிட்டி முறையோடு ஒப்பிட்டால், இத்தொழிலின் மையச் சிக்கல் வேறு என்பது புலப்படும். வளைக்குள் கிடக்கும் நெல் யாருக்குரியது என்பதே அது.

புறநானூற்றின் 324ஆம் பாடலில் வேட்டுவச் சிறுவர் பருத்தி வேலியருகே கருப்பையைக் குறிபார்க்கின்றனர். கருப்பை என்பது எலி. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் இரும்பு முனையுடைய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். இவற்றை இருளர் வழக்கத்தின் நேரடி முன்வடிவமாகக் கொள்வது பொருந்தாது. இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குச் சான்று தராமல் தொடர்ச்சி பேசுவது நம் ஆய்வுலகின் பழைய பழக்கம். மண்ணைக் கிளறித் தானியம் திரட்டுவது உணவு தேடும் முறைகளுள் ஒன்றாக அறியப்பட்டிருந்தது என்ற அளவில் நிற்பதே தகும்.

வயலெலிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. வெள்ளெலியும் புல்லெலியும் வயல் சுண்டெலியும் வளை தோண்டி வாழ்பவையே எனினும், பெருமளவில் நெற்கதிரைக் கத்தரித்துச் சேமிப்பது வரப்பெலி. அதன் வளையில் கிளை அறைகள் உண்டு. சிலவற்றில் கதிர்கள் அடுக்கப்பட்டிருக்கும். அறுவடைக் காலத்தில் ஒரே வளையில் சில கிலோ நெல் கிடைப்பதுண்டு. புதுமண் குவிந்து வாய் அடைபட்டிருக்கும் வளையில் எலி இருக்கிறது என்பதை இருளர் பார்த்தவுடனே அறிவர். ஏனைய வழிகளை மண்ணால் அடைப்பர். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலும் தழையும் திணித்து எரியூட்டி, பானையின் வாயை வளைவாயோடு பொருத்தி, அடித்துளை வழியாக ஊதுவர். புகையால் எலி மயங்கியபின் கடப்பாரை கொண்டு அகழ்வர். எலி உணவாகும், நெல் உலர்த்திக் குத்தப்படும். நில உடைமையாளர் தரும் கூலி இவற்றுக்கு மேற்பட்டது. சில சமயம் அதுவும் இல்லை. ஆகவே அகழ்முறையில் உண்மையான ஊதியம் வளைக்குள்ளேயே இருந்தது எனலாம்.

தஞ்சைப் பகுதியின் கிட்டி வேறு வகையினது. மூங்கிலை வில்லாக வளைத்து நாணேற்றிய இப்பொறியில் பொரியோ மாவோ இரையாக வைக்கப்படும். மாலையில் வயலில் நட்டு விடியலில் எடுப்பர். இரையைத் தொட்ட எலியின் கழுத்தை நாண் இறுக்கும். (சென்னை மாகாண அரசு அமைத்த சித்திரவதை விசாரணை ஆணையத்தின் 1855ஆம் ஆண்டு அறிக்கை, நிலவரி தண்டுவதற்காக விரல்களை நெரிக்கப் பயன்பட்ட மரக்கருவியையும் கிட்டி என்றே குறிக்கிறது. இறுக்குதல் என்னும் செயலே இரண்டு கருவிகளுக்கும் ஒரு பெயரைத் தந்திருக்கக்கூடும்.) கிட்டி எலியை வளைக்கு வெளியே கொல்கிறது. வளை தோண்டப்படுவதில்லை, உள்ளிருக்கும் நெல்லும் பிடித்தவர் கைக்கு வருவதில்லை. எனவே இங்கு எலியை எண்ணிக் கூலி தருவது வழக்கமாயிற்று. எலி ஒழிப்பு முகாம்களில் வாலை எண்ணிப் பணம் தரும் முறையும் இதே கணக்கைச் சார்ந்தது. அகழ்பவரையும் இக்கணக்குக்குள் கொண்டுவந்தபோது, அவர்தம் வருவாயின் பெரும்பகுதி கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருளர் வாழ்வில் இருவகையாகச் செயல்பட்டது. பாம்புத்தோல் வணிகம் முடங்கியது. மறுபுறம், அச்சட்டத்தின் 5ஆம் அட்டவணை எலியைத் தீங்குயிரியாக வகைப்படுத்தியதால் எலி பிடிக்கத் தடை எழவில்லை. 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் தொழிலுக்கு வழிவகுத்தது. சங்கத்திற்கு வெளியே நின்றோர்க்கு வயலே எஞ்சியது. அங்கும் துத்தநாக பாஸ்பைடும் பின்னர் புரோமோடையலோனும் பரவின. நஞ்சுண்ட எலியை உண்ண இயலாது; நஞ்சிட்ட வளையின் நெல்லையும் ஐயத்தோடே அணுக வேண்டும். நஞ்சு வைப்பவர் எலியை மட்டும் ஒழிக்கவில்லை, பிடிப்பவரின் ஊதியத்தையும் கெடுத்தார் என்பது எலி ஒழிப்புக் கணக்கில் ஏறாத இழப்பு.

பானையை ஊதுவோர்க்கு உதடும் கையும் வெந்தன. புகை நுரையீரலைத் தாக்கியது. கையால் சுழற்றும் எஃகுப் புகையூட்டி இக்குறையை நீக்க வந்தது. அத்திட்டம் 2003இல் உலக வங்கியின் பரிசையும் பெற்றது. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் கருவி மாறிய பின்னும் வளைநெல்லின் உரிமை குறித்த எழுத்துவழி ஏற்பாடு எதுவும் உருவாகவில்லை. அது உடைமையாளரின் இசைவைச் சார்ந்த வாய்மொழி வழக்காகவே தொடர்ந்தது.

ஆய்வாளருக்கு இதனால் ஒரு சான்றுச் சிக்கல் எழுகிறது. வால் கணக்கேடுகள் கிடைக்குமிடத்தும் அவை எலிகளின் எண்ணிக்கையையே தரும். அகழ்ந்த மண்ணைப் புடைத்து நெல்லைப் பிரித்தோர் பெரும்பாலும் பெண்கள். ஒரு பருவத்தில் எத்தனை மரக்கால் நெல் வீடு வந்தது, எந்த உடைமையாளர் அதில் பங்கு கேட்டார், எவர் கேட்கவில்லை என்பன அவர்தம் நினைவில் உள்ளன. நஞ்சு பரவுமுன் வளை தோண்டிய தலைமுறையினர் முதுமையடைந்துவிட்டனர். களப்பணி அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.