சோப்பு பட்டால் சிவக்கும் மஞ்சள்

வீட்டில் அரைத்த மஞ்சள் குளியல்பொடியைப் பூசிக்கொண்டு, மேலே சோப்பு போட்டால் துண்டில் செம்பழுப்புக் கறை விழும். "கலப்பட மஞ்சள்ப்பா, ஏமாத்திட்டான்" என்று மளிகைக் கடைக்காரருக்குத்தான் முதல் திட்டு. எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. இதே நிறமாற்றத்தைத்தானே கல்யாண வாசலில் தட்டில் வைத்துச் சுற்றுகிறோம்? ஆரத்தி என்பது மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரம், குளியல் சோப்பும் காரம். மஞ்சளின் நிறமியான குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும்.

ஐரோப்பிய வேதியியலாளர்கள் இந்தக் குணத்தையே கருவியாக்கினார்கள். மஞ்சள் சாற்றில் தோய்த்துக் காயவைத்த தாள், காரத்தைக் கண்டறியும் சோதனைத் தாள். 1815-இல் ஃபோகல், பெல்லெத்தியே இருவரும் அந்த நிறமியைப் பிரித்தெடுத்தார்கள். 1833-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும்போது காரம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க மஞ்சள் தாளை வைத்துக்கொண்டார். மின்வேதியியல் பிறந்த மேஜையில் நம்ம அஞ்சறைப்பெட்டிச் சரக்கு! (ரொம்பவும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். குர்க்குமினின் மூலக்கூறு அமைப்பை 1910-இல் கண்டு சொன்னவர்களும் ஐரோப்பியர்கள்தான்.)

குங்குமத்தின் கதை இன்னும் நுட்பமானது. மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் ஊறவைத்து, உலர்த்தி, இடிப்பார்கள். எலுமிச்சை புளிப்பாச்சே, பிறகெப்படிச் சிவக்கிறது? வெங்காரத்தில் இருக்கும் போரான்தான் காரணம். புளிப்பில் அது குர்க்குமினோடு பிணைந்து, காயக் காய வேறொரு சிவப்பைத் தருகிறது. ஆய்வகத்தில் போரிக் அமிலத்துக்குச் செய்யும் மஞ்சள் தாள் சோதனையும் இதே வினைதான். பாட்டிமார்கள் போரான் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள், பக்குவம் மட்டும் கைவசம் இருந்தது.

இந்த இரண்டும் மாற்றங்கள். இழப்பு என்றால் வெளிறிப்போவதுதான். ஜன்னலோரம் கண்ணாடிப் புட்டியில் வைத்த மஞ்சள் க்ரீமின் நிறத்தை வெளிச்சம் தின்றுவிடும். ஒளியில் குர்க்குமின் உடைந்துபோகிறது, எதைப் பிழிந்தாலும் திரும்பாது. மஞ்சள் தோய்த்த துணியை நிழலில் உலர்த்துவது இதனால்தான்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். மஞ்சள் தூளில் கலப்படம் செய்யப்படும் சாயங்களில் பேர்போனது மெட்டானில் மஞ்சள். அது சோப்புக்குச் சிவக்காது. வலுவான அமிலம் விட்டால்தான் சிவக்கும். துண்டில் விழுந்த அந்தச் செம்பழுப்பு, பொடியில் நிஜ மஞ்சள் இருப்பதற்கான சாட்சி.